மாடிவீட்டுச் சத்தம்

குரே, 17 மே 1981

அன்புள்ள ரிட்சுகோவுக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறி வீட்டுக்கு வருகிறவளுக்கு நோயில் படுக்க நேரம் கிடைப்பதில்லை. நீயும் கோசாகுவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

பார்சல் செவ்வாயன்று வந்தது. இசைத்தட்டு உடையவில்லை. பன்னிரண்டு வருடம் யார் யார் பின்னாலோ நின்று வாசித்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக உங்கள் பெயரிலேயே போட்ட முதல் ஆல்பம். 'மாடிவீட்டுச் சத்தம்' என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. அட்டைப் படத்தை வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். "உன் தங்கச்சியா இது? போட்டோ எடுக்கிற அன்னைக்காவது தலை சீவக் கூடாதா?" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன்.

என்னிடம் ரெக்கார்ட் பிளேயர் இல்லை. நான் வேலை செய்யும் கப்பல் கட்டும் தளத்து ஓய்வறையில் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அதில் போட்டேன். தகடு தேய்க்கும் பிரிவைச் சேர்ந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன கினுயேக்கா, நாள் பூரா நாங்க தகரம் தேய்க்கிறது பத்தலையா, இங்கேயும் தகரமா?" என்றார். ஆனாலும் சோற்று டப்பாவோடு உட்கார்ந்து நாலு பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

'புகழ வேண்டாம், கேட்டதை மட்டும் எழுது' என்று துண்டுச்சீட்டு வைத்திருந்தாய். எனக்கு ராக் தெரியாது. தொழிலாளர்களின் காதைச் சோதித்துத் தாளில் குறிப்பவள் நான். கேட்டதை எழுதுகிறேன். முதல் பாட்டில் நீங்கள் இருவரும் குளிர்சாதனப் பெட்டியை எங்கே வைப்பது என்று சண்டை போடுகிறீர்கள். சிரித்துவிட்டேன். அது நிஜச் சண்டை என்று எனக்குத் தெரியும். மூன்றாவது பாட்டில் உன் குரல் கீழே இறங்கி நடக்கிறது. நீ இவ்வளவு அடக்கிப் பாடி நான் கேட்டதில்லை. அப்பாவுக்குக் கேட்கவேண்டுமென்று சின்ன வயதிலிருந்து கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை அல்லவா அது. எல்லாப் பாட்டிலும் டிரம்ஸின் பித்தளைத் தட்டுகள் மட்டும் பல்லில் ஊசி குத்துவது போல இருக்கின்றன. ராக் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்புவதற்குள் சங்கு ஊதிவிட்டது.

மழை வருமுன் போர்வைகளை வெயிலில் போட்டு எடு.

கினுயே

*

டோக்கியோ, 2 ஜூன் 1981

என் அக்காவுக்கு,

போர்வை போடச் சொல்லி நீ எழுதிய கடிதமும் மழையும் ஒரே நாளில் வந்தன. ஈரச் சட்டையோடு திரிகிறோம், தும்மல் மட்டும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படிக்கட்டுப் பெருமையை எழுதினாயே தவிர முழங்காலைப் பற்றி மூச்சு விடவில்லை.

தகரக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். கோசாகு உன் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி இரண்டு தரம் படித்தான். குளிர்சாதனப் பெட்டி இன்னும் அவன் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது, கதவு பாதிதான் திறக்கிறது.

எதிர்பார்த்ததைவிட நன்றாக விற்கிறது அக்கா. ஒரு பத்திரிகை 'உடைந்த கண்ணாடி போன்ற கூர்மை, இதுவரை யாருக்கும் வராத துணிச்சல்' என்று எழுதியிருக்கிறது. உன் பல்லில் குத்திய அதே பித்தளைத் தட்டைத்தான் சொல்கிறார்கள். இப்போதைய மோஸ்தரே அதுதான். நீ கப்பல் தளத்திலேயே இருந்து பழகிவிட்டாய்.

எல்லாமே எங்கள் மாடியறையில் செய்தது என்பது உனக்குத் தெரியுமா? பதிவு மெஷினை வாடகைக்கு எடுத்தோம். டிரம்ஸ்காரர் ஒகிட்சு பகலில் வந்து அடித்துவிட்டுப் போவார். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். அதற்குப் பிறகு, பதிந்த சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் ஒலிக்கலவை முழுக்கக் கோசாகு ஒருவனே. இரண்டு மாதம் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. அவனோடு பேசவேண்டுமென்றால் நான் முன்னால் போய்க் கையை ஆட்டவேண்டும்.

இலையுதிர் காலத்தில் எட்டு ஊர்களில் கச்சேரி. செப்டம்பர் 27 ஹிரோஷிமா. நீ வரவேண்டும். தலை சீவிக்கொண்டு மேடையேறுகிறேன், சத்தியம்.

இரண்டாம் பக்கத்தையும் கேட்டு எழுது. அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், "அக்கா எழுதினாங்களா? அக்கா எழுதினாங்களா?" என்று.

உன் ரிட்சு

*

குரே, 28 ஜூன் 1981

அன்புள்ள ரிட்சுகோ,

முழங்கால் மழைநாளில் மட்டும் வலிக்கிறது. இப்போது தினமும் மழை. நீ கேட்டதால் சொன்னேன். புருஷனை அவன் இவன் என்று எழுதுகிறாய், அம்மா இருந்திருந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார். உங்கள் இருவரின் உடம்பும் சௌக்கியம் என்றே எண்ணுகிறேன்.

ஓய்வறையில் பேச்சுச் சத்தம் அதிகம் என்பதால் இசைத்தட்டைக் கேசட்டில் ஏற்றி, வேலை முடிந்தபின் காது சோதிக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்டேன். அந்தக் கூண்டின் கதவைச் சாத்தினால் நம் ரத்தம் ஓடுவதே நமக்குக் கேட்கும். இரண்டு பக்கமும் மூன்று முறை கேட்டேன். பித்தளைத் தட்டு எந்தப் பாட்டிலும் அதே அளவுக்கு மேலே நிற்கிறது. உன் பெயரில் இருக்கும் 'ட்சு' போன்ற எழுத்துகள் எல்லாம் சீறுகின்றன. 'பாலத்தடி' பாட்டில் நடுவே ஒரு கெட்டில் கொதித்து விசிலடிக்கிறது. ஏறக்குறைய முக்கால் நிமிடம். பிறகு யாரோ அடுப்பை அணைக்கிறார்கள். பாட்டு அதனால் கெடவில்லை. ஆனால் அது அங்கே இருக்கிறது.

இந்த வாரம் ஆண்டுச் சோதனை. உசாமி என்று தகடு தேய்ப்பவர் ஒருவர், ஐம்பத்திரண்டு வயது. கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தவேண்டும். ஒன்றுகூடத் தவறாமல் அழுத்தினார். எனக்குச் சந்தேகம். சத்தமே அனுப்பாமல் விரலை மட்டும் அசைத்தேன். அழுத்தினார். கண்ணாடி வழியாக என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உசாமி அண்ணே, இப்ப நான் ஒண்ணும் அனுப்பலையே."

"எனக்கு எல்லாம் கேக்குது கினுயே. நீ அனுப்பாததும் சேத்துக் கேக்குது," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வீட்ல சொல்லிடாதே," என்றார்.

கோசாகுவுக்கு இப்போது என்ன வயது?

வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

கினுயே

*

டோக்கியோ, 9 ஜூலை 1981

அக்காவுக்கு,

நலம். ஊறுகாய் வந்தது, நன்றி.

அவனுக்கு முப்பத்தாறு. கெட்டில் சத்தம் வேண்டுமென்றே வைத்தது. பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் அதிகம் பாராட்டினார்கள். பாட்டுக் கேட்கச் சொன்னால் பாட்டைக் கேள். கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதிக்காதே.

ரிட்சுகோ

*

குரே, 20 ஆகஸ்ட் 1981

அன்புள்ள ரிட்சுகோ,

வெயில் இறங்கவில்லை. வீட்டுக்காரம்மா வாசலில் தண்ணீர் தெளித்த மறுநிமிடம் காய்ந்துவிடுகிறது. நான் நன்றாக இருக்கிறேன். டோக்கியோவில் இரவில் தூங்க முடிகிறதா?

முன்னோர் நினைவு நாட்களில் அப்பா அம்மா சமாதிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தேன். உன் சார்பிலும் ஊதுவத்தி ஏற்றினேன்.

அங்கே நின்றபோது நினைவுக்கு வந்ததை எழுதுகிறேன், வேறு நோக்கமில்லை. உனக்கு அப்போது ஆறு வயது, மறந்திருப்பாய். அப்பா வேலை செய்த கப்பல் தளத்து மேஸ்திரி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். "கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறான்மா. காதுல கோளாறா?" என்று கேட்டார். அம்மா வாசலிலேயே மறித்து நின்று, "காதெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. எப்பவும் ஏதாவது யோசனையிலே இருப்பாரு," என்றார். அதன்பின் தினமும் காலையில் அப்பாவோடு தளத்து வாசல்வரை நடந்தார். வழியில் யாராவது வணக்கம் சொன்னால் அப்பாவின் முழங்கையைத் தொடுவார், அப்பா தலையைக் குனிவார். இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

தளத்துக்குள் அம்மா போக முடியாது. கிரேன் மணி அடித்தது அப்பாவுக்குக் கேட்கவில்லை. வலதுகால் அன்றோடு போயிற்று.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் செய்தது எல்லாம் பிரியத்தினால் செய்ததுதான். நான் ஏன் போயும் போயும் இந்த வேலைக்குப் போனேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.

காய்ந்த நெத்திலி ஒரு பை அனுப்பியிருக்கிறேன். சூப்பில் போடு.

கினுயே

*

குரே, 3 அக்டோபர் 1981

அன்புள்ள ரிட்சுகோ,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. ஊர் ஊராக அலைகிறாய், எழுத நேரமிருக்காது. தொண்டைக்குத் தேன் குடி.

ஹிரோஷிமாவுக்கு வந்திருந்தேன். சீட்டு வாங்கிக் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தேன். முடிந்ததும் பின்பக்கம் வந்து உன்னைப் பார்க்கவில்லை, மன்னித்துக்கொள். கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். அது முழு உண்மை இல்லை.

தலை சீவியிருந்தாய். நன்றி.

உங்கள் கச்சேரியைப் பற்றி என் எண்ணத்தை எழுதுகிறேன், முதலில் நீ கேட்டபடி. நீ பாடியதைவிட நீ நின்ற விதம்தான் எனக்குப் பதிந்தது. ஒவ்வொரு பாட்டும் தொடங்குமுன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி கோசாகுவின் பக்கம் திரும்புகிறாய். அவர் உன் முகத்தைப் பார்ப்பதில்லை. உன் இடது செருப்பைப் பார்க்கிறார். நீ நான்கு முறை தட்டுகிறாய், அவர் தொடங்குகிறார். பாட்டு திசை மாறும் இடங்களில் உன் வலது தோள் ஏறுகிறது, அவர் மாறுகிறார். ஆறாவது பாட்டில் யாரோ எறிந்த பூவைக் குனிந்து எடுத்தாய். அந்த இடத்தில் அவர் அரை வரி பிந்திவிட்டார். நிமிர்ந்ததும் நீ ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாய். கூட்டம் விசிலடித்தது.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள், "பாருடி, கல்யாணமாகி இவ்வளவு வருஷத்துக்கப்புறமும் கண்ணை எடுக்காம எப்படிப் பாத்துக்கறாங்க." மற்றவள், "எனக்கு இப்படி ஒருத்தன் கிடைச்சா நான் சமைக்கக்கூடச் சமைப்பேன்," என்றாள்.

அவர்கள் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.

படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முழங்கால்தான் காரணம்.

கினுயே

*

டோக்கியோ, 25 அக்டோபர் 1981

அக்கா,

நலமா என்று கேட்கும் முன் மன்னிப்புக் கேட்கவேண்டும். உன் ஆகஸ்ட் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். எட்டு ஊரும் போய்விட்டு வந்து இன்றைக்குத்தான் எடுத்து மறுபடி படித்தேன்.

போன வாரம் உனக்கு ஃபோன் செய்யலாம் என்று வீட்டுக்காரம்மா எண்ணைச் சுற்றத் தொடங்கினேன். கோசாகு எனக்கு முதுகைக் காட்டிக் கிதாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். அவன் போகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருந்தேன். காத்திருக்கத் தேவையே இல்லை, இங்கிருந்தே சொல்லலாம், அவனுக்குக் கேட்காது என்று திடீரென்று பட்டது. ரிசீவரை வைத்துவிட்டேன்.

எனக்கு இரண்டு குளிர்காலமாகத் தெரியும். முதலில் கடிகார அலாரம். அப்புறம் வாசல் மணி. அந்தக் கெட்டில் அக்கா, நான்தான் வைத்தேன். 'பாலத்தடி'க்கு அவன் கிதார் பதிந்துகொண்டிருந்தான், அறையின் மூலையில் அடுப்பு. கெட்டில் விசிலடிக்கிறது. கையை நிறுத்தி என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தான். போய் அணைத்தேன். பதிந்ததை ஓட்டிக் கேட்டபோதும் அவன் முகம் மாறவில்லை. "நல்லா வந்திருக்கில்ல?" என்றான். "நல்லா வந்திருக்கு," என்றேன்.

கம்பெனி ஆள் வந்து கேட்டுவிட்டு, "இந்த விசில் என்னங்க?" என்றார். கோசாகு என்னைப் பார்த்தான். "நான்தான் வேணும்னு வெச்சேன்," என்றேன். "அட, நல்லாருக்கே!" என்று அவர் கையைத் தட்டினார். கோசாகு ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஜனவரியில் அடுத்த ஆல்பம் தொடங்கவேண்டும். இன்னும் கூர்மையாக, இன்னும் சத்தமாக வேண்டும் என்கிறார்கள். தினமும் அந்த ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் அவன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிரேன் மணி நினைவுதான். ஆனால் நான் சொன்னால் அவன் கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவான். அவனை எனக்குத் தெரியும். அதற்குப்பின் என்னோடு பேச அவனிடம் என்ன இருக்கும்? அவன் வாயால் பேசுகிற ஆள் இல்லையே.

நான் அம்மாவா அக்கா?

ரிட்சு

*

குரே, 1 நவம்பர் 1981

அன்புள்ள ரிட்சு,

குளிர் தொடங்கிவிட்டது, சிப்பி விற்பனைக்கு வந்துவிட்டது. நான் நலம். நீ சாப்பிடாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன், முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

நீ அம்மா இல்லை. உன்னைப்போல் கேட்க அம்மாவுக்கு யாரும் இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போனது திரும்பாது. எந்த மருத்துவர் திரும்பும் என்று சொன்னாலும் நம்பாதே. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். மேல் சத்தங்கள்தான் முதலில் போகும், பேச்சு நெடுநாள் தங்கும். நேருக்கு நேர் பேசினால் அவருக்கு இப்போதும் எல்லாம் கேட்கும். தகடு தேய்ப்பவர்கள் போட்டுக்கொள்ளும் காதடைப்பான் ஆறு ஜோடி இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கும் சேர்த்துத்தான். நீயும் அதே ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில்தான் நிற்கிறாய். அதை யாரும் யோசிக்கவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இங்கே அனுப்பு. எங்கள் மருத்துவரிடம் சொல்லிக் கூண்டுக்கு அனுமதி வாங்கிவிட்டேன். தாளில் என்ன வந்தாலும் அது அவர் கைக்குத்தான் போகும், வேறு யாருக்கும் தெரியாது.

ஆனால் அவரிடம் சொல்லவேண்டியது நீ. நான் எழுதமாட்டேன். விளக்கு வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி உட்கார்ந்து சொல். அவசரப்படாமல் சொல். கத்தாதே. கத்தினால் உதடு கோணும், புரியாது.

கினுயே

*

டோக்கியோ, 24 நவம்பர் 1981

அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே சாப்பிடுகிறேன்.

சொல்லிவிட்டேன். பதினைந்தாம் தேதி, ஞாயிறு காலை. அவன் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தான். எதிரில் போய் உட்கார்ந்தேன். நீ சொன்ன மாதிரி வெளிச்சம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

"கோசாகு, உனக்குக் காது சரியாக் கேக்கலை. எனக்குத் தெரியும்."

சீவுவதை நிறுத்தவில்லை. "எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

"எனக்கு மூணு," என்றான்.

"அப்ப ஏன்டா சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வாசிக்கறதை விட்டுடுவே."

"சொன்னா நீ பாடறதை விட்டுட்டு என்னைப் பாத்துக்க உக்காந்துடுவே," என்றான். அதுவரை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் கத்தியை வைத்துவிட்டு, கிதாரை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போய்விட்டான். நான் பயந்தது அப்படியே நடந்தது.

இரண்டு நாள் வரவில்லை. ஒகிட்சு வீட்டில் இருக்கிறான் என்று அவர் மனைவி ஃபோன் செய்தார். "ஒண்ணும் பேசலை. சாப்பிட்டான், தூங்கினான். எங்க வீட்டு வானொலியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஏத்தி இறக்கிப் பாத்துக்கிட்டிருக்கான்," என்றார். மூன்றாம் நாள் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "கம்பெனிக்குப் போய்ச் சொல்லிட்டேன்," என்றான். "அடுத்த ஆல்பத்துக்குக் கலவை நீ பண்றே. நான் வாசிக்கிறேன். சம்மதம்னா போடட்டும், இல்லேன்னா வேண்டாம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுடா."

"எனக்கும் தெரியலைன்னுதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே," என்றான். நான் அழுதுகொண்டே சிரித்தேன் அக்கா. கீழ்வீட்டுக்காரர் கட்டையால் தட்டினார்.

டிசம்பர் 13 அவன் மட்டும் தனியாக வருவான். நான் கூட வரக்கூடாதாம். சிப்பி வாங்கிக் கொடு.

ரிட்சு

*

டோக்கியோ, 20 டிசம்பர் 1981

மதிப்பிற்குரிய கினுயே அக்கா அவர்களுக்கு,

கோசாகு வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் வீட்டில் கிடைத்த சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நன்றி. அந்தப் படிகளை நினைத்தால் இன்றும் மூச்சு வாங்குகிறது. குளிரில் தங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுக்கவும்.

கூண்டுக்குள் முதலில் தங்கள் விரலைப் பார்த்தேன். தாங்கள் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டீர்கள். அதற்கும் நன்றி. திரைக்குப் பின்னால் நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாளைப் பார்த்தபோதுதான் அதற்குள் பாதி முடிந்திருந்தது தெரிந்தது.

தாளை ரிட்சுகோவிடம் காட்டினேன். கேட்கும் அளவைக் காட்டும் கோடு எங்கே கீழே விழுகிறதோ அங்கே விரலை வைத்து, "இங்கே என்னென்ன இருக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாதே என்றேன்.

கம்பெனி யோசித்துச் சொன்னது. அடுத்த ஆல்பத்தை வேறொரு சின்னக் கம்பெனிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பரவாயில்லை. ரிட்சுகோ தினமும் மெஷின் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறாள். என்னைவிடக் கண்டிப்பு. அவளும் காதடைப்பான் போடுகிறாள்.

ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். இசைத்தட்டைத் தங்களுக்கு அனுப்பச் சொன்னது நான். துண்டுச்சீட்டும் நான் சொல்லி அவள் எழுதியது. பத்திரிகைகள் எழுதியதை எல்லாம் படித்தேன். அவர்கள் எதைப் பற்றி எழுதுகிறார்கள் என்று புரியவில்லை. ஆறு மாதம் உழைத்துச் செய்த ஆல்பம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. தங்கள் கடிதங்களைப் படித்துத்தான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அரிசி டப்பாவில் இருந்ததையும் படித்தேன். சோறு வடிப்பது நான்தானே.

தயவுசெய்து இன்னும் ஒரு முறை எழுதுவீர்களா? எனக்குக் கேட்காத இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று. நல்லதானாலும் கெட்டதானாலும்.

புது வருடம் தங்களுக்கு நலமாக அமையட்டும்.

கோசாகு

*

குரே, 10 ஜனவரி 1982

அன்புள்ள கோசாகு,

புது வருட வணக்கம். மோச்சிக் கொழுக்கட்டை செரிக்காமல் இரண்டு நாள் அவதிப்பட்டேன். இப்போது நலம். ரிட்சுகோவும் நீங்களும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

விடுமுறையில் தளம் ஓய்ந்திருந்தது. கூண்டில் உட்கார்ந்து ஆல்பத்தைத் தொடக்கத்திலிருந்து கேட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டேன். உங்கள் தாளில் கோடு விழும் இடத்துக்கு அப்பால் இருக்கும் மேல் சத்தங்களை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கிதாரில் விரல் கம்பியை விட்டு அடுத்த இடத்துக்கு நகரும்போது சின்னக் கீச்சு எழுகிறது. எலிக்குஞ்சு மாதிரி. அதை எடுக்காமல் விட்டது நல்லது, மனிதர் வாசிக்கிறார் என்று தெரிகிறது. மூன்றாவது பாட்டில் மழை பெய்கிறது. ஜன்னல் தகரத்தில் விழுவது கேட்கிறது. அன்று மழை என்று உங்களுக்கே தெரியுமோ தெரியாதோ. ஐந்தாவதில் ஒகிட்சு தட்டைத் தொட்டு அமர்த்தும்போது ஒரு 'இஸ்' வருகிறது, தீயில் தண்ணீர் ஊற்றினாற்போல. அது அழகு. ஆனால் மொத்தத்தில் தட்டுகள் அதிகம். பாதியாகக் குறைத்தாலும் அதிகம். அடுத்த ஆல்பத்தில் ரிட்சுகோ குறைப்பாள், நீங்கள் விட்டுக்கொடுங்கள். ஏழாவதில் அவள் எழுத்துகள் சீறுவது கேட்கச் சகிக்கவில்லை. அங்கே மட்டும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். கெட்டில் பற்றி நீங்கள் இருவரும் பேசி முடித்திருப்பீர்கள்.

கடைசிப் பாட்டு நீங்கள் ஒருவரே பாடுவது. குரலும் கிதாரும் மட்டும். அட்டையிலும் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதில் நான் கேட்டதை இதுவரை யாருக்கும் எழுதவில்லை.

அதில் நீங்கள் தனியாகப் பாடவில்லை. உங்கள் குரலுக்குப் பின்னால் இன்னொருத்தி இருக்கிறாள். அது பாட்டு இல்லை, குரல்கூட இல்லை, வெறும் மூச்சு. ஒவ்வொரு வரியையும் நீங்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவள் மூச்சாலேயே சொல்லிவிடுகிறாள். நீங்கள் வரியை விட்டுவிடக் கூடாதே என்று சொல்கிறாளா, தன்னையறியாமல் சொல்கிறாளா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓரிடத்திலும் தவறவில்லை. நீங்கள் முடித்தபின் அவள் மூச்சை இழுத்துவிட்டுக்கொள்வதோடு தட்டு முடிகிறது.

ஆல்பத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இதை ரிட்சுகோவிடம் கேட்கவேண்டாம். தெரிந்தால் நிறுத்திவிடுவாள்.

கினுயே